மிதவை முழுகியிருந்தது

பதினேழு வருஷமாக ஆஸ்பத்திரி மருந்தகத்தில் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் நின்று 'முடியாது' என்று சொல்லிச் சம்பளம் வாங்குகிறவள் நான். சீட்டில் டாக்டர் கையெழுத்து இல்லையா, மருந்து தர முடியாது. தேதி போன மாதத்துடையதா, முடியாது. பக்கத்து வீட்டுக்காரருக்குக் கேட்ட மாத்திரை எனக்கும் கேட்கும் என்று யாராவது வந்து நின்றால், அறவே முடியாது. வரிசையில் நிற்பவர்கள் எனக்கு 'முடியாதம்மா' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அது என் காதுக்கு வந்தபோது கோபம் வரவில்லை. உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

அப்படிப்பட்டவள் ஒரு நாள், ஒரு தாளில், பொய் என்று தெரிந்தே கையெழுத்துப் போட்டேன். அதனால் என் தம்பியின் இடது கால் முழங்காலுக்குக் கீழே இன்றைக்கும் அவன் சொன்னபடி கேட்பதில்லை. இதை நான் அமைதியாகச் சொல்வேன் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம். பத்து மாதம் ஆகியும் பல்லைக் கடித்துக்கொண்டுதான் தூங்குகிறேன் என்று பல் டாக்டர் சொல்கிறார்.

தம்பி என்னைவிட எட்டு வயது சின்னவன். லிஃப்ட் மெக்கானிக். நகரத்தில் பாதிக் கட்டடங்களின் லிஃப்ட் குழிக்குள் அவன் தலை நுழைந்து வந்திருக்கிறது. இருபதாவது மாடியில் கயிற்றைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு போனில் என்னிடம் ராத்திரிச் சாப்பாடு என்ன என்று கேட்பான். பயம் என்கிற உறுப்பை வைக்காமலே அவனைப் பெற்றுவிட்டேன் என்று அம்மா சொல்வாள். போனில் மீன் வீடியோக்களைப் பார்த்துப் பார்த்து அவனுக்கு ஸ்கூபா கிறுக்குப் பிடித்தது. தனியாகப் போகவும் மனசு வரவில்லை.

"மருந்து வாசனையிலயே செத்துப்போயிடுவ அக்கா. ஒரு வாரம் லீவு போடு. ரெண்டு பேரும் கத்துக்கலாம்."

"எனக்கு நாற்பது வயசாகுது."

"மீனுக்குத் தெரியவா போகுது?"

போனோம். கடற்கரையை ஒட்டி இருந்த அந்த ஸ்கூபா கடையின் முதலாளியை எல்லாரும் கேப்டன் என்று கூப்பிட்டார்கள். அவர் எந்தக் கப்பலுக்கும் கேப்டனாக இருந்ததில்லை என்று பின்னால் தெரிந்தது. எங்களுக்குப் பாடம் எடுத்தது அவரிடம் வேலை பார்த்த ஒரு நெட்டையான வாலிபன். நாங்கள் அவனை நெட்டை என்றே கூப்பிட்டோம். அவனும் சிரித்துக்கொண்டே திரும்பிப் பார்ப்பான்.

நாலு நாள் பாடம். தலைக்கு மேல் மின்விசிறி கிறீச்சிடும் அறையில் காலையில் புத்தகம். மத்தியானம் விரிகுடாவில் தண்ணீர். அந்தத் தண்ணீரைப் பற்றிச் சொல்ல வேண்டும். குளியல் தொட்டித் தண்ணீர் அதைவிட அதிகமாக அசையும். அடியில் மணல். ஆழம் மிஞ்சிப்போனால் பன்னிரண்டு மீட்டர். அங்கேதான் மாஸ்க்கில் தண்ணீர் புகுந்தால் எப்படி வெளியே தள்ளுவது, காற்றுக்குழாய் வாயை விட்டு நழுவினால் எப்படி எடுத்துப் பொருத்துவது எல்லாம் கற்றுக்கொண்டோம். புத்தகத்தில் நீரோட்டத்தைப் பற்றி ஒன்றரைப் பக்கம் இருந்தது. நெட்டை அந்தப் பக்கத்தை விரலால் புரட்டிவிட்டு, "இங்க கரன்ட் கிடையாது. பரீட்சையில ஒரு கேள்வி வரும். எதிர்த்து நீந்தாதே, குறுக்கே நீந்து. அவ்வளவுதான் பதில்" என்றான். நான் அதைப் பென்சிலால் கோடிட்டேன். தம்பி அந்த நேரத்தில் ஜன்னல் வழியாகப் படகைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

நாலாம் நாள் சாயங்காலம் எங்கள் போட்டோ ஒட்டிய கார்டு வந்தது. கேப்டன் கை குலுக்கினார். "இனிமே கடல் உங்களோடது" என்றார். கார்டின் பின்பக்கம் பதினெட்டு மீட்டர் வரைதான் போகலாம் என்று பொடி எழுத்தில் அச்சிட்டிருந்தது. மருந்து அட்டையின் பொடி எழுத்தைப் படித்தே பழகினவள் என்பதால் நான் அதைப் படித்தேன். கடையில் வேறு யாரும் அதைப் படித்ததாகத் தெரியவில்லை.

மறுநாள் ஊருக்குக் கிளம்ப வேண்டிய எங்களை அவர்தான் நிறுத்தினார். நடுக்கடலில் இரண்டு பாறைத் தீவுகளுக்கு இடையே ஒரு சந்து இருக்கிறது. அதை இடுக்கு என்பார்கள். பெரிய மீன்கள் எல்லாம் அங்கேதான். பழகின டைவர்கள் நாலு பேர் அங்கே போகப் படகு பேசியிருந்தார்கள். இன்னும் இரண்டு இடம் காலியாக இருந்தது. அந்தக் காலி இடம்தான் அவர் கண்ணை உறுத்தியது. எங்களுடைய ஆசையைப் பற்றி அவருக்கு என்ன அக்கறை!

காலையில் ஆளுக்கொரு படிவம் கொடுத்தார்கள். நான் ரப்பர் பூட்ஸுக்குள் காலைத் திணிக்க முடியாமல் திணறிக்கொண்டிருந்ததால் என்னுடையதையும் சேர்த்துத் தம்பியே நிரப்பினான்.

"இதுவரைக்கும் எத்தனை டைவ்னு கேட்டிருக்கு. நாலுன்னு போடட்டா?"

கேப்டன் முதுகைக்கூடத் திருப்பவில்லை. சிலிண்டர்களை எண்ணிக்கொண்டே, "நாலுன்னு போட்டா அந்த இடத்துக்குக் கூட்டிட்டுப் போக முடியாது தம்பி. இருபதுன்னு போடுங்க. எல்லாரும் போடறதுதான். சும்மா ஒரு தாள்" என்றார்.

தம்பி என்னைப் பார்த்தான். பார்த்துவிட்டு எழுதினான். அவனுக்கு இருபது, எனக்கு இருபது. தாளை என் பக்கம் நீட்டினான். 'இருபது' என்று எழுதியிருந்ததை நான் படித்தேன். படிக்காமல் போட்டேன் என்று சொன்னால் அது இன்னொரு பொய். நாலு நாளாக நான் தண்ணீரில் எதைச் செய்தாலும் கடையில் எல்லாரும் கைதட்டியிருந்தார்கள். ஒரு நாளாவது முடியாதம்மாவாக இல்லாமல் இருக்கலாமே என்று ஒரு நப்பாசை. போட்டேன்.

எட்டரை மணிக்குக் கிளம்ப வேண்டிய படகு பத்து மணிக்குத்தான் கிளம்பியது. அந்த நாலு பேர் அசைந்து அசைந்து வந்து சேர அவ்வளவு நேரம். படகோட்டுகிறவர் ஐம்பது வயதுக்காரர், பேச்சு குறைவு. காத்திருந்த நேரத்தில் நான்தான் பேச்சுக் கொடுத்தேன். "தண்ணி ஏறி முடிஞ்சு எறங்க ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி அரை மணி நேரம் அசையாம நிக்கும்மா. அதுதான் இடுக்குக்கு நேரம். இன்னிக்கு ஒம்பது மணி" என்றார். கடிகாரத்தைப் பார்த்தேன். ஒன்பதே முக்கால்.

"அப்போ?"

அவர் கேப்டன் இருந்த திசையைப் பார்த்தார். பிறகு கயிற்றைச் சுருட்டப் போய்விட்டார்.

இடுக்குக்குப் போய்ச் சேர்ந்தபோது பத்தே முக்கால். படகைக் கட்டுவதற்காக அங்கே சிவப்பு மிதவை ஒன்று இருக்கும். பெரிய பூசணிக்காய் அளவு. அது தண்ணீருக்கு மேலே இல்லை. ஒரு முழம் அடியில், கயிறு விறைத்து, நடுங்கிக்கொண்டிருந்தது. அதைத் தாண்டித் தண்ணீர் நுரை கக்கிக்கொண்டு ஓடியது. மிதப்பதற்கென்றே செய்த பொருளைத் தண்ணீர் கழுத்தைப் பிடித்து அமுக்கி வைத்திருந்தது.

படகுக்காரர் இன்ஜின் வேகத்தைக் குறைத்தார். "கேப்டன், மிதவை முழுகிக் கெடக்கு. இன்னிக்கு வேணாம்."

"நீ ஓட்டற வேலையைப் பாரு."

எனக்குக் கேட்டது. எல்லாருக்கும் கேட்டது. "அவர் என்ன சொல்றார்?" என்று கேப்டனிடம் கேட்டேன்.

"ஒண்ணுமில்ல மேடம். லேசா ஒரு இழுப்பு இருக்கும். சும்மா இருந்தாலே போதும், அதுவே கூட்டிட்டுப் போயிடும். ஜாலியா இருக்கும்."

அந்த நாலு பேரும் இடுப்பில் ஆளுக்கொரு கொக்கி மாட்டியிருந்தார்கள். பாறையில் மாட்டிக்கொண்டு நிற்பதற்கு. சுருட்டின ஆரஞ்சு நிறக் குழாய் ஒன்றும் ஒவ்வொருவரிடமும் இருந்தது. மேலே வந்ததும் அதில் காற்றை ஊதினால் ஆள் உயரத்துக்கு நிற்கும். தூரத்திலிருந்து படகுக்குத் தெரியும். எங்கள் இருவரிடமும் இரண்டும் இல்லை. 'நமக்கு?' என்று தம்பியிடம் சைகை செய்தேன். அவன் எங்களோடு படகில் வந்திருந்த நெட்டையைக் காட்டி, அவனைப் பிடித்துக்கொள்ளலாம் என்று கையை மூடித் திறந்து காட்டினான். இறங்கினோம்.

உள்ளே போனதும் எனக்கு முதலில் தோன்றியது, ரயில் ஜன்னலில் பார்ப்பது போலப் பாறை ஓடுகிறதே என்பதுதான். பாறை எங்கே ஓடும்? ஓடினது நாங்கள். பத்து மீட்டரில் நெட்டை ஒரு பாறைவிளிம்பைப் பிடித்துக்கொண்டு எங்களையும் பிடிக்கச் சொல்லிக் கையை ஆட்டினான். நாலு பேரும் சடசடவென்று கொக்கியை மாட்டிக் கொடியில் போட்ட துணி மாதிரி பறந்துகொண்டு நின்றார்கள். நான் ஒரு பாறைப் புடைப்பைக் கட்டிப்பிடித்தேன். தலையைத் திருப்பினால் மாஸ்க் முகத்தில் படபடத்தது. வாயிலிருந்த காற்றுக்குழாயைப் பல்லால் கடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. ஒரு கை தூரத்தில் தம்பி. அவன் பிடித்திருந்த பாறைத் துண்டு அவன் கையோடு பெயர்ந்து வந்தது.

போய்விட்டான். முதுகுப் பக்கமாக, என்னைப் பார்த்துக்கொண்டே. இருபதாவது மாடியில் தொங்குகிறவனின் கண்ணில் அன்றைக்குத்தான் பயத்தைப் பார்த்தேன்.

நான் பிடியை விட்டேன். யாரும் என்னைத் தள்ளவில்லை, எதுவும் வழுக்கவில்லை. விட்டேன். இதற்கு மட்டும் எனக்கு இன்றுவரை வருத்தமில்லை.

பாறைச் சுவர் முடியும் இடத்தில் தண்ணீர் கீழ்நோக்கித் திரும்பியது. நாம் விடுகிற மூச்சுக்குமிழ் மேலேதான் போகும். நாலு நாளும் அதைத்தான் பார்த்திருந்தேன். அங்கே என் குமிழ்கள் என் கன்னத்தைத் தடவிக்கொண்டு கீழே போயின. காது வெடித்துவிடும் போல வலித்தது. கையிலிருந்த ஆழமானியில் இருபத்திரண்டு, இருபத்தேழு, முப்பத்தொன்று. தம்பி சுவரைப் பார்த்தபடி மேலே ஏறத் தன் பலம் அத்தனையையும் போட்டுக் காலை உதைத்துக்கொண்டிருந்தான். உதைக்க உதைக்கக் கீழேதான் போனான். அந்த வேகத்தில் மூச்சு வாங்கினால் சிலிண்டர் எத்தனை நிமிஷம் வரும்?

பென்சில் கோடு ஞாபகம் வந்தது. எதிர்த்து நீந்தாதே, குறுக்கே நீந்து. அவன் சிலிண்டரின் வாரைப் பிடித்து, சுவரை விட்டு விலகி, ஒன்றுமே தெரியாத நீலத்தை நோக்கி அவனை இழுத்தேன். அவனுக்குப் புரியவில்லை. பாறையை விட்டு என்னைப் பிரிக்கிறாளே என்று நினைத்து முழங்கையால் என் முகத்தில் இடித்தான். மாஸ்க்கில் பாதி தண்ணீர். கண்ணை மூடிக்கொண்டு உதைத்தேன். மிதக்க உதவும் ஜாக்கெட் இரண்டு பேருக்கும் உண்டு; இரண்டிலும் காற்றை ஏற்றினேன். முப்பத்துநாலு மீட்டர் வரை போயிருக்கிறோம்.

பிறகு தண்ணீரின் பிடி சட்டென்று விட்டது. விட்டதும் ஏற்றிய காற்றெல்லாம் விரிந்து எங்களை மேலே தூக்கியது. அது அடுத்த ஆபத்து. வேகமாக மேலே வந்தால் ரத்தத்தில் குமிழ் கட்டும். நான் என் ஜாக்கெட்டின் காற்றைத் திறந்துவிட்டேன். அவனுடையதைத் தேடும்போதே என் கையிலிருந்து நழுவி பலூன் மாதிரி போய்விட்டான். நான் மாஸ்க்குக்குள் அழுதுகொண்டே, முடிந்தவரை மெதுவாக, பின்னால் வந்தேன்.

மேலே வந்து பார்த்தால் தீவுகள் எங்கேயோ இருந்தன. படகு தீப்பெட்டி அளவு. நாற்பது மீட்டர் தூரத்தில் அவன் தலை. நீந்திப் போய் அவன் ஜாக்கெட்டையும் என்னுடையதையும் சேர்த்துக் கட்டினேன். ஊதிக் கூப்பிடலாம் என்று என் ஜாக்கெட்டில் விசில் கயிற்றைத் தேடினேன். கயிறு இருந்தது, விசில் இல்லை. நடுக்கடலில் அந்த மொட்டைக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நான் திட்டிய திட்டுகளை அம்மா கேட்டிருந்தால் வீட்டுக்குள் சேர்த்திருக்க மாட்டாள்.

"அக்கா, என் கால் மரத்துப்போச்சு" என்றான் தம்பி, அரை மணி நேரம் கழித்து.

"தண்ணி குளிரு. அதான்."

தண்ணீர் அவ்வளவு குளிராக இல்லை. எனக்குத் தெரிந்துவிட்டது. அவன் பேச்சு குறையக் குறைய நான் பேச்சைக் கூட்டினேன். சின்ன வயசில் அவன் திருடிய பேனா முதல் போன வாரம் உடைத்த குக்கர் வரை ஒவ்வொன்றாகச் சொல்லி வம்புக்கு இழுத்தேன். கோபம் வந்தால் தூங்கமாட்டான் என்பது எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரியும்.

ஒன்றே முக்கால் மணி நேரம். அப்புறம் படகு வந்தது. அது எப்படி வந்தது என்று பின்னால் தெரிந்துகொண்டேன். நெட்டையையும் நாலு பேரையும் ஏற்றிக்கொண்டதும் கேப்டன், "அவங்க தீவுக்குப் பின்னாடி ஒதுங்கியிருப்பாங்க, அங்கயே சுத்து" என்றாராம். ஒரு மணி நேரத்துக்கு மேல் சுற்றியிருக்கிறார்கள். அப்புறம்தான் படகுக்காரர் அவர் பேச்சைக் காதில் போட்டுக்கொள்ளாமல் நுரை போன வழியே படகை விட்டிருக்கிறார்.

எங்களைத் தூக்கிப் படகில் போட்டார்கள். தம்பியால் நிற்க முடியவில்லை. கேப்டன் எங்களிடம் சொன்ன முதல் வார்த்தை இது: "ஏன் குரூப்பை விட்டுப் போனீங்க?"

அந்த ஆளோடு சண்டை போட எனக்கு அப்போது நேரமில்லை. "ஆக்சிஜன் எங்க?" என்றேன். ரத்தத்தில் குமிழ் கட்டினவனுக்கு முதல் மருந்து அதுதான். பச்சைப் பெட்டியைக் கொண்டுவந்து வைத்தார்கள். திறந்தேன். முள் பூஜ்யத்தில் இருந்தது. குழாயின் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை. காலிச் சிலிண்டரைப் பெட்டியில் வைத்து மூடி, மேலே சிவப்பில் பிளஸ் குறி போட்டு வைத்திருந்தார்கள்.

"நேத்துதான் நிரப்பச் சொன்னேன்" என்றார் கேப்டன்.

அப்போதுதான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று எனக்கு நினைவில்லை. நாலு பேரில் ஒருவர் மட்டும், "நீங்களும் பழகினவங்கன்னு நினைச்சோம்" என்று முணுமுணுத்தார். மற்ற மூவரும் கடலைப் பார்த்தார்கள்.

மூன்று மணி நேரம் வண்டியில் போய், ரத்தத்தில் கட்டின குமிழைக் கரைக்கும் அழுத்த அறை இருக்கிற பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். இரும்புக் குழாய் மாதிரியான அந்த அறைக்குள் பதினோரு தடவை அவனைப் படுக்க வைத்தார்கள். வலது கால் திரும்பியது. இடது கால் வரவில்லை. சிறுநீர் தானாகப் போக இரண்டு வாரம் ஆனது. நர்ஸ் உள்ளே வரும்போதெல்லாம் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வான்.

நாலாம் நாள் கேப்டன் வந்தார், கையில் ஒரு பிளாஸ்டிக் கோப்போடு. கட்டிலின் கால்மாட்டில் நின்று ரொம்ப மென்மையாகப் பேசினார்.

"நடந்தது நடந்துபோச்சு மேடம். துறைமுக அலுவலகத்துல விசாரிப்பாங்க. குரூப்பை விட்டுப் பிரிஞ்சுட்டோம்னு ஒரு வரி எழுதிக் குடுத்துடுங்க, முடிஞ்சுது. இல்லேன்னா இந்த ஃபாரத்தை நான் காட்ட வேண்டியிருக்கும்." கோப்பைத் திறந்தார். இருபது. கீழே என் கையெழுத்து. "நீங்க கரன்ட்டைப் பத்திப் பேச வேணாம், நான் இருபதைப் பத்திப் பேசல. ரெண்டு பேருக்கும் நல்லது."

"எழுதச் சொன்னது யாரு?"

"எழுதின கை யாரோடது, மேடம்?"

நான் எழுந்த வேகத்தில் நாற்காலி விழுந்தது. "வெளிய போங்க" என்றேன். அவர் போகுமுன் தம்பி வாயைத் திறந்தான்; என்னைத்தான் அதட்டினான். "அக்கா, சும்மா இரு. அவர் சொல்றபடி எழுதிக் குடுத்துடு."

அவர் போன பிறகு சொன்னான். "நான் தினமும் கையெழுத்துப் போடறவன்க்கா. இந்த லிஃப்ட் சரியா இருக்கு, ஜனங்க ஏறலாம்னு. ஃபாரத்துல பொய் எழுதினவன்னு வெளிய தெரிஞ்சா எவன் என் கையெழுத்தை நம்புவான்? காலும் போச்சு. வேலையும் போகணுமா?"

 அன்றைக்கு என் சட்டைப் பையில் இருந்த பேனாவை எடுக்காமலே வெளியே வந்தேன். இரண்டு நாள் யோசித்தேன். அம்மாவும் அவன் பக்கம்தான். "இருக்கறதை வெச்சுக் காப்பாத்திக்கப் பாரு. ஊரைத் திருத்த உன்னை யார் கூப்பிட்டா?" என்றாள். அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. தம்பிக்காக வாயை மூடிவிடலாம் என்று கிட்டத்தட்ட முடிவே செய்துவிட்டேன்.

படகு ஏறுமுன் விட்டு வந்த எங்கள் பைகளை எடுக்க அந்தக் கடைக்குப் போக வேண்டியிருந்தது. அன்றைக்குத்தான் எல்லாம் மாறியது. அதே மின்விசிறி அறை. பிளாஸ்டிக் நாற்காலிகளில் ஆறு பேர், கையில் புதுக் கார்டு, முகமெல்லாம் சிரிப்பு. வெள்ளைப் பலகையில் நீலப் பேனாவால் எழுதியிருந்தது: நாளை காலை - இடுக்கு. கேப்டன் அவர்களுக்குப் படிவங்களை விநியோகித்துக்கொண்டிருந்தார்.

என் தம்பி படுத்துக் கிடக்கிறான். ஒரு வாரம்கூட ஆகவில்லை.

"யாரும் எழுதாதீங்க" என்றேன். வாசலில் நின்றபடி சொன்னது தெருவுக்கே கேட்டிருக்கும். "நானும் இதே நாற்காலியில உக்காந்திருந்தேன். நாலு டைவ் பண்ணிட்டு இருபதுன்னு கையெழுத்துப் போட்டேன். என் தம்பியும் போட்டான். இப்போ அவனுக்குக் கால் இல்ல."

"மேடம், வெளிய போங்க. போலீஸைக் கூப்பிடுவேன்."

"கூப்பிடுங்க! நானே நம்பர் தரேன். வர்றவங்ககிட்ட அந்தப் பச்சைப் பெட்டியையும் திறந்து காட்டுங்க!"

ஆறு பேரும் நாற்காலியோடு ஒட்டிப்போய் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களிடம் சொன்னேன்: "அங்க தண்ணி எப்போ நிக்கும்னு கேளுங்க. மிதவை முழுகினா என்ன பண்ணுவீங்கன்னு கேளுங்க. கொக்கி எங்க, ஆரஞ்சுக் குழாய் எங்க, ஆக்சிஜன் முள்ளு எங்க நிக்குதுன்னு கேளுங்க. கேட்டா சிரிப்பாங்க. சிரிச்சா எழுந்து வந்துடுங்க."

முன்வரிசையில் இருந்த ஒரு பெண் என்னைப் பார்க்கவில்லை, கேப்டனைப் பார்க்கவில்லை. மூலையில் நின்றிருந்த நெட்டையைப் பார்த்துக் கேட்டாள்: "அங்க கரன்ட் இருக்குமா?"

நெட்டை கேப்டனை ஒரு தடவை பார்த்தான். பிறகு, "இருக்கும். உங்களுக்கான இடமில்ல அது. இவங்களுக்கும் இல்ல" என்றான்.

எனக்கு அவன் மேல் இரக்கம் வரவில்லை. "அன்னிக்கு எங்கடா போச்சு இந்த வாய்?" என்றேன். அவன் தலையைக் குனிந்துகொண்டான். அந்தப் பெண் படிவத்தை நாற்காலியில் வைத்துவிட்டு எழுந்தாள். பின்னாலேயே இன்னும் மூன்று பேர். இரண்டு பேர் உட்கார்ந்தே இருந்தார்கள். எல்லாரையும் எழுப்பிவிட்டேன் என்று பெருமை பேச நான் வரவில்லை.

அன்று மத்தியானமே துறைமுக அலுவலகத்தில் புகார் எழுதினேன். என் பொய்யை முதல் பத்தியில் எழுதினேன். தம்பியுடையதை இரண்டாவதில். ஆஸ்பத்திரிக்குப் போய் அவனிடமே படித்துக் காட்டினேன். தண்ணீர் பாட்டிலைச் சுவரில் எறிந்தான். "என் பேரைச் சேர்க்க நீ யாரு? என் காலுக்கு நீ கோபப்படறியா, இல்ல உன் மனசாட்சிக்கு என்னை விக்கிறியா?" என்று கேட்டான். அந்தக் கேள்வி நெஞ்சில் போய் நின்றது. அதற்குப் பிறகு அவன் என்னோடு பேசவில்லை. வீட்டுக்கு வந்த பிறகும், நான் அவன் காலுக்குப் பட்டை கட்டிவிடும்போதும், ஒரு வார்த்தை இல்லை.

இரண்டு மாதம் கழித்து விசாரணை. நீள மேஜை, சுவரில் கடல் வரைபடம், ஃபைல்களுக்கு மேல் டீ டம்ளர் வைத்திருந்த ஒரு அதிகாரி. கேப்டன் வெள்ளைச் சட்டை போட்டு வந்திருந்தார். நாங்கள்தான் பொய் சொல்லி ஏறினோம், நாங்கள்தான் கூட்டத்தை விட்டு விலகினோம் என்று கோர்வையாகப் பூசி மெழுகினார். படகுக்காரர் எழுந்து, "மிதவை முழுகியிருந்துச்சு. நான் சொன்னேன். அவர் கேக்கல" என்று மூன்றே வாக்கியம் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அந்த மூன்று வாக்கியத்தை முன்பே எழுதிக் கொடுத்ததற்காக அவருக்கு ஏற்கெனவே வேலை போயிருந்தது.

"இருபதுன்னு எழுதச் சொன்னதுக்கு சாட்சி இருக்கா?" என்று அதிகாரி என்னைக் கேட்டார்.  அவர் அதைச் சொன்னபோது அங்கே இருந்தது நானும் தம்பியும்தான்; தம்பி விசாரணைக்கு வரவில்லை.

கதவு திறந்தது. தம்பி ஊன்றுகோலோடு நின்றான். யாரிடமும் சொல்லாமல் வாடகைக் காரில் வந்திருக்கிறான். இரண்டு மாடி, அந்தக் கட்டடத்தில் லிஃப்ட் வேலை செய்யவில்லை. படியேறி வந்ததில் சட்டை நனைந்திருந்தது. என் பக்கம் திரும்பவே இல்லை.

"எழுதினது நான்" என்றான். "எழுதச் சொன்னது அவர். 'சும்மா ஒரு தாள்'னு சொன்னார். என்னைச் சாகக் குடுத்தது இந்த ஆளு. இழுத்துட்டு வந்தது எங்க அக்கா. ஆனா அவளும் தெரிஞ்சேதான் கையெழுத்துப் போட்டா. அதையும் எழுதிக்குங்க." கொஞ்சம் மூச்சு வாங்கினான். "கீழ லிஃப்ட்டுக்கு யார் பொறுப்பு? கதவு சென்சார்ல தூசி. ரெண்டு நிமிஷ வேலை."

தீர்ப்பு வர இன்னும் ஆறு வாரம் ஆனது. கடையின் உரிமம் ஒரு வருஷத்துக்கு ரத்து. ஐம்பது டைவ் செய்ததற்குக் குறிப்பேடு காட்டாதவர்களை இடுக்குக்குக் கூட்டிப் போகக் கூடாது என்று உத்தரவு. ஒரு வருஷம்! ஒரு காலுக்கு ஒரு வருஷம். அடுத்த வருஷம் அந்த ஆள் வேறு பெயர்ப் பலகை மாட்டுவார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. தம்பியின் கம்பெனியில் அவனை வேலையை விட்டு அனுப்பவில்லை. ஆனால் உதிரிப் பாகக் கிடங்கில் உட்கார வைத்துவிட்டார்கள். சான்றிதழ்களில் கையெழுத்துப் போடும் அதிகாரத்தை எடுத்துவிட்டார்கள். அவன் பயந்தது நடந்தேவிட்டது. அதை நடத்தி வைத்தது நான். நான் செய்தது சரி என்று அம்மாவிடம் நூறு தடவை வாதாடிவிட்டேன். ஆனால் அவன் காலையில் கிடங்குக்குக் கிளம்பும்போது எதிரே நிற்பதைத் தவிர்க்கிறேன்.

விசாரணை முடிந்த அன்று இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில்தான் திரும்பினோம். அவன் முன்னால் தனியாக உட்கார்ந்தான். நான் இரண்டு வரிசை பின்னால். ஒன்றரை மணி நேரம் அவன் பிடரியையே பார்த்துக்கொண்டு வந்தேன். எங்கள் நிறுத்தத்தில் பஸ் கொஞ்சம் தள்ளி நின்றது; படிக்கும் தரைக்கும் உயரம் அதிகம். அவன் ஊன்றுகோலைக் கீழே ஊன்றிப் பார்த்தான், எட்டவில்லை. பின்னால் இருந்தவர்கள் உச்சுக் கொட்டினார்கள்.

திரும்பிப் பார்க்காமலே ஒரு கையைப் பின்னால் நீட்டினான்.

"எருமை, பாத்துட்டே நிக்கறியே! கையைக் குடு."

கொடுத்தேன்.